மழலை வாய் திறக்கட்டும்!

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மின்விளக்கு அலங்காரமும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அவையெல்லாம் வேண்டியவைதாம். இந்த ஆண்டின் நினைவாகப் பங்கில் எதை விட்டுச் செல்வது என்று பங்குப் பேரவை கூடிப் பேசியபோது, நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டலாம் என்றார் ஒருவர். மாதா கெபிக்குப் பளிங்குக்கல் பதிக்கலாம் என்றார் மற்றொருவர். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு நாமும் ஒன்று கேட்டோம். ஒரு மரப்பெட்டி, அது நிறையச் சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள். அவ்வளவுதான். சிலர் சிரித்தார்கள். "என்ன சாமி, எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்குப் புத்தகமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் நம்முடைய ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். ஒரு ஞாயிறு திருப்பலியில், காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தோம். பேச்சு வேகத்தில், "அந்த ஆடு எங்கே போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டோம். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது. ஆனால் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், நான்கு வயது இருக்கும், எழுந்து நின்று, "மக்காச்சோளக் காட்டுக்குள்ள போயிருக்கும் சாமி!" என்று உரக்கச் சொன்னான். கோயிலே சிரித்தது. நமக்குப் பிரசங்கத்தின் ஓட்டம் தடைப்பட்டது. நாம் முகத்தைச் சுளித்தோம். தாய் வெட்கப்பட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தப் பங்கில் இருந்தோம். அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசியதை நாம் மறுபடி கேட்டதே இல்லை.

யோசித்துப் பாருங்கள். அன்று அந்தக் கோயிலில் நம் பிரசங்கத்தை உண்மையாகவே கேட்டவன் அவன் ஒருவன்தான். ஆட்டைத் தேடிப் புறப்பட்டவனும் அவனே. அவனை நாம் அடக்கி அனுப்பிவிட்டோம்.

இனி, சென்ற தவக்காலத்தில் நம் பங்கில் நடந்ததைக் கேளுங்கள். மறைக்கல்வி வகுப்பின் மழலையர் பிரிவுக்கு நம் சகோதரி ஒருவர், தாமே செய்த ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்தார். பழைய நாள்காட்டி அட்டைகளும் கலியாணப் பத்திரிகை அட்டைகளும் சேர்த்துத் தைத்த புத்தகம். ஒரு பக்கத்தில் பெரிய அத்திமரம். இலைகள் எல்லாம் திறந்து மூடும் சிறு கதவுகள். "சக்கேயு எங்கே?" என்று சகோதரி கேட்க, பிள்ளைகள் ஒவ்வோர் இலையாகத் திறந்தார்கள். ஓர் இலைக்குப் பின்னால் ஓணான்; இன்னொன்றில் காக்கைக் கூடு; கடைசி இலைக்குப் பின்னால் குட்டையான சக்கேயு. அவ்வேளையில், நான்கைந்து மாதங்களாக வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத ஒரு சிறுமி, தகப்பன் லாரியிலும் தாய் தறியிலும் இருப்பதால் பாட்டியோடு வரும் பிள்ளை, அந்தப் படத்தைத் தொட்டு, "எறங்கி வாங்க மாமா!" என்றாள்.

நாம் வாசலில் நின்று கேட்டோம். ஆண்டவர் சக்கேயுவைப் பார்த்து என்ன சொன்னார் என்பதைச் சகோதரி இன்னும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை தானே அதைச் சொல்லிவிட்டாள்! நற்செய்தியில் ஆண்டவர் பேசும் இடத்தில், நம் சேலத்துச் சீமைப் பேச்சில், ஒரு குழந்தை பேசிவிட்டாள். மனப்பாடம் செய்த விடையாக இருந்தால் இந்தச் சொல் வந்திருக்குமா?

அன்பானவர்களே, குழந்தையைக் கூடச் சேர்த்துக்கொள்ளும் படப் புத்தகம் என்று நாம் சொல்வது இதைத்தான். பெரியவர் படிக்க, சிறியவர் கைகட்டிக் கேட்கும் புத்தகம் அல்ல. குழந்தை கதவைத் திறந்தால்தான் கதை நகரும். ஓட்டையில் விரலை விட்டால்தான் அடுத்தது என்ன என்று தெரியும். திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தைக் குழந்தையும் சேர்ந்து சொன்னால்தான் பக்கம் நிறைவு பெறும்.

இத்தகைய புத்தகங்கள் உலகத்திற்குப் புதியவை அல்ல. பிள்ளைகளுக்குப் படத்தின் வழியே பாடம் சொல்லலாம் என்று கொமேனியுஸ் என்னும் மொராவிய நாட்டு ஆசிரியர் 1658-ஆம் ஆண்டிலேயே ஒரு படப் புத்தகம் அச்சிட்டார். 1969-இல் எரிக் கார்ல் என்னும் அமெரிக்க ஓவியர், பசியெடுத்த ஒரு புழுவின் கதையை எழுதினார். புழு தின்ற பழங்களில் எல்லாம் உண்மையாகவே ஓட்டை இருக்கும். குழந்தையின் விரல் அதில் நுழையும். 1980-இல் எரிக் ஹில் என்னும் ஆங்கிலேயர், ஒளிந்துகொண்ட நாய்க்குட்டியைத் தேட ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காகித மூடி வைத்தார். 2010-இல் பிரெஞ்சு நாட்டின் எர்வே துல்லே என்பவர் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார். பக்கத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. அதை அழுத்து, பக்கத்தைத் திருப்பு என்று புத்தகம் கேட்கிறது. திருப்பினால் இரண்டு புள்ளிகள்! மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, பொத்தான் இல்லை. தன் விரலால்தான் அது நடந்தது என்று குழந்தை பூரித்துப்போகிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று தள்ளிவிடாதீர்கள். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது என்ன செய்தார்கள்? "ம் கொட்டினால்தான் கதை" என்றார்கள். பேரன் "ம்" என்று சொன்னால் கதை நடக்கும். "ம்" நின்றால் கதையும் நிற்கும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாய்ச் சோறு பங்கிட்டு, நண்டு ஊர்வதாகச் சொல்லிக் கிச்சுகிச்சு மூட்டிய விளையாட்டு யாருக்கு மறந்திருக்கும்? பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், குழந்தை கைகொட்டும் பருவத்தைச் சப்பாணி என்றும், நிலவை விளையாட அழைக்கும் பருவத்தை அம்புலி என்றும் பெயரிட்டுப் பாடினார்கள். இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் சும்மா பேசிவிட்டுப் போகிறானா? பார்ப்பவர்களை வம்புக்கு இழுத்து வாய் திறக்க வைக்கிறான். ஆகவே கேட்பவனையும் கதைக்குள் இழுப்பது நம் சொந்தச் சொத்து. அதை நாம் எங்கோ தவறவிட்டுவிட்டோம்.

திருச்சபையும் இதை அறியாமல் இல்லை. எழுத்தறியாதவருக்குக் கோயில் ஓவியமே புத்தகம் என்ற கருத்தை, ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில், திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்செய்ல் நகர ஆயருக்கு எழுதினார். 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். ஊர் மக்கள் தீவட்டியோடு வந்து அந்தக் காட்சிக்குள்ளேயே நின்றார்கள். நம் தமிழ் எழுத்தில் 1578-இல் கொல்லத்தில் முதல் நூலை அச்சேற்றிய அண்ட்ரிக் அடிகளார், 1579-இல் கொச்சியில் அச்சிட்ட கிரீசித்தியானி வணக்கம் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது. நம் மண்ணுக்கே வருவோம். 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், மக்களின் உடையையும் உணவையும் மொழியையும் தமதாக்கிக்கொண்டு அவர்களோடு உரையாடியவர். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் நற்செய்தி உரையாடலாகத்தான் வந்தது.

பிறகு என்ன ஆயிற்று? கேள்வியும் விடையும் இரண்டுமே புத்தகத்தில் அச்சாகிவிட்டன. நம் தாய் தகப்பன்மார் சின்னக் குறிப்பிடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அந்த மனப்பாடம் பல குடும்பங்களின் விசுவாசத்தைக் காத்திருக்கிறது. ஆயினும், விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று. பிள்ளை என்ன சொல்லுமோ என்று காத்திருந்து கேட்கும் கேள்வி வேறொன்று. புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளிடம், "தேவதிரவிய அனுமானங்கள் எத்தனை?" என்றால் "ஏழு" என்று பட்டென்று வருகிறது. "இயேசுவிடம் நீ என்ன பேசப் போகிறாய்?" என்றால் தலை குனிந்துவிடுகிறது. அந்தக் குனிந்த தலைக்கு யார் பொறுப்பு? நாமும் நீங்களுமே பொறுப்பு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தில், மக்கள் வாய்பேசாப் பார்வையாளராக இராமல் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1965-இல் அதே சங்கம், பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று நினைவூட்டியது. 1973-இல் உரோமையிலிருந்து வந்த, குழந்தைகளோடு நிறைவேற்றும் திருப்பலிக்கான வழிகாட்டியோ, மறையுரையைச் சில வேளைகளில் பிள்ளைகளோடு உரையாடலாகவே நடத்தலாம் என்கிறது. பிள்ளைகள் வரைந்த படங்களையும் பயன்படுத்தச் சொல்கிறது. இதையெல்லாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாம். அப்படியிருந்தும் அந்த மக்காச்சோளக் காட்டுப் பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்தோம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? வழி மிக எளிது. 1988-இல் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள். எல்லா வீட்டிலும் பெற்றோர் படப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். பாதிப் பெற்றோருக்கு மட்டும், சும்மா படிக்காமல் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுப் படிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நான்கே வாரம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் மற்ற பிள்ளைகளைவிடப் பல மாத வளர்ச்சி முன்னேறி நின்றார்கள். புத்தகம் இரு சாராரிடமும் இருந்தது; கேட்ட முறையில்தான் வேறுபாடு.

அந்த முறைக்கு நான்கு படிகள். கேளுங்கள், பிள்ளை சொன்னதை ஒப்புக்கொள்ளுங்கள், அதோடு கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள், கூட்டியதைப் பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கோழிப் படம் இருக்கிறது என்று வையுங்கள்.

"இது என்ன, கண்ணு?"

"கோழி."

"ஆமா, கோழிதான். முட்டை மேல உக்காந்திருக்குற செவலைக் கோழி. எங்க, நீ சொல்லு."

"செவலைக் கோழி."

"அது ஏன் அங்கயே உக்காந்திருக்குது?"

"அதுக்குக் காய்ச்சல்."

இங்கேதான் அம்மாமார் கவனமாக இருக்க வேண்டும். சிரித்துவிடாதீர்கள், "தப்பு" என்று வெட்டிவிடவும் வேண்டாம். நாமக்கல் பக்கம் பண்ணைகளில் கூண்டுக் கோழியையே பார்த்து வளரும் பிள்ளை அடைக்கோழியை எங்கே கண்டது? "அப்படியா? காய்ச்சல் வந்தா உன்ன அம்மா எப்படிப் போத்தி வெச்சிருப்பேன்? அது மாதிரி இந்தக் கோழி முட்டையப் போத்தி வெச்சிருக்குது" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை சொன்ன சொல்லிலிருந்தே அடுத்த சொல் பிறக்கும்.

இப்பொழுது உங்கள் மனத்தில் இருப்பதையும் நாம் அறிவோம். "நேரம் ஏது சாமி?" என்பீர்கள். விசைத்தறிக் கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற தாய்க்கு நேரம் இல்லைதான். லாரியில் வடக்கே போன தகப்பன் வீடு திரும்பப் பதினைந்து நாள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டியில் போனவருக்கு மாதக் கணக்கு. நாம் கேட்பது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். சோறு ஊட்டும் நேரத்தில், தூங்க வைக்கும் நேரத்தில், ஒரு புத்தகம்.

"எங்களுக்கே படிக்கத் தெரியாதே" என்பார்கள் சில பாட்டிமார். நல்லது, ஆத்தா! படத்தைப் பார்த்துக் கேட்க எழுத்து எதற்கு? எழுத்துத் தெரிந்தவர் அச்சில் உள்ளதோடு நின்றுவிடுவார். நீங்கள் ஒரு படத்திலிருந்து ஒன்பது கதை சொல்வீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கோழிப்பண்ணைக்கும் தறிக்கும் வந்திருக்கிற குடும்பங்கள் நம் பங்கு எல்லைக்குள் இருக்கின்றன. எழுத்தில்லாத படப் புத்தகத்தை அந்தப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கலாம். அங்கே யாரும் அந்நியர் இல்லை.

"செல்போனில்தான் எல்லாக் கதையும் வருகிறதே" என்பவர்களுக்கு ஒரு சொல். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலில், இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. காரணம் எளிது. பிள்ளை என்ன சொன்னாலும் செல்போன் தன் போக்கில் ஓடும். "ம்" கொட்டாவிட்டாலும் நிற்காது. அதே செல்போனை நல்லதற்கும் பயன்படுத்தலாம். நாக்பூர் சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டுப் பேசும் தகப்பன், "இன்னைக்கு என்ன பக்கம் பாத்தே? அந்தக் குரங்கு எங்க ஒளிஞ்சிருக்குது?" என்று கேட்கட்டும். பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக் காட்டட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் தகப்பன் வீட்டில் இருக்கிறான்.

"கிழித்துவிடுவார்களே" என்ற பயமும் உண்டு. கிழியட்டும். கிழியாத புத்தகம் திறக்காத புத்தகம். மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக்கொள்வோம். தறிக் கூடத்தில் மிஞ்சும் துண்டுத் துணியில் துணிப் புத்தகமே தைக்கலாம். நம் தாய்மார் சங்கத்தில் அந்தக் கைவேலை தெரியாதவர் யார்? பொத்தான் வைத்த கதவு, நாடா கட்டிய வால், சேலை முந்தானையில் செய்த மயில்! கடித்தாலும் துவைத்துக்கொள்ளலாம்.

விலைக்கு வாங்குவதற்கும் இன்று வழி இருக்கிறது. 1957-இல் தொடங்கிய தேசியப் புத்தக அறக்கட்டளை குறைந்த விலையில் தமிழ்ப் படப் புத்தகங்கள் தருகிறது. சென்னையில் 1994-இல் தாராவும் 1996-இல் தூலிகாவும் பதிப்பகங்களாகத் தோன்றி, நம் நாட்டு ஓவியர்களின் கைவண்ணத்தில் குழந்தை நூல்களை வெளியிட்டு வருகின்றன. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் தன் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. தாளில் அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். அரசும் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வழியாக ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆடல், பாடல், கதை எல்லாம் கலந்து கற்பிக்க முயல்கிறது. பள்ளி தன் பங்கைச் செய்யட்டும். பள்ளிக்குப் போகும் முன்னே பிள்ளைக்கு வாய் திறக்க வேண்டுமே, அது வீட்டின் பங்கு, கோயிலின் பங்கு.

ஆகவே நம் விண்ணப்பம் இதுதான். கோயில் தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி, பூட்டு இல்லாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அரை மணி நேரம், அன்பியத்திற்கு ஒரு குடும்பம் முறை வைத்துப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். தாய்மார் மட்டும் அல்ல, தகப்பன்மாரும் வர வேண்டும். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பேரேடு கிடையாது, அபராதம் கிடையாது. மறையுரையில் நாம் கேள்வி கேட்டு ஒரு பிள்ளை பதில் சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் "உஷ்" என்று அடக்காதீர்கள். இது நாம் செய்யும் பரிகாரம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

சீடர்கள் குழந்தைகளைத் தடுத்தபோது ஆண்டவர் கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். தடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒழுங்கு கெடக்கூடாதே என்று எண்ணிய நல்லவர்கள்தாம். நம்மைப் போல. ஆண்டவர் அந்தப் பிள்ளைகளை அணைத்து, தலைமேல் கைவைத்து ஆசி வழங்கினார்.

வளைவும் பளிங்கும் வரும் ஆண்டுகளில் வரட்டும். நாம் வயதாலும் பதவியாலும் படிப்பாலும் ஆளுக்கொரு மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். கீழே ஒரு குழந்தை நின்று, "எறங்கி வாங்க" என்று கூப்பிடுகிறது. இறங்கி வந்தவன் வீட்டுக்குத்தான் அன்று மீட்பு வந்தது என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

குழந்தை இயேசுவின் ஆசி உங்கள் இல்லங்களிலும், உங்கள் தறிகளிலும், வண்டிகளிலும், வயல்களிலும், உங்கள் மழலையர் நாவிலும் நிறைவாய்த் தங்குவதாக. ஆமென்.